கொடுத்த கணத்தாக்கு எங்கே போனது? – வாசகர் கேள்வி பதில்

"ஒளியின் கதிக்குக் கிட்ட ஓடும் துணிக்கைக்குத் திணிவு × வேகம் என்று உந்தம் எடுத்தால் விடை பிழைக்கும்" என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு விளக்கம் கேட்டு இவ்வளவு கடிதம் வரும் என்று நான் நினைக்கவில்லை. அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இதை மட்டும் எடுக்கிறேன். பேனையும் தாளும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தால் நல்லது.

கேள்வி (உயர்தர மாணவி, கொக்குவில்): சேர், ரியூசனில் தந்த பயிற்சியில் ஒரு கணக்கு. மீற்றருக்குப் பத்து இலட்சம் வோல்ற்று மின்புலத்தில், ஓய்விலிருந்த இலத்திரனை 10 நனோசெக்கன் விட்டால் கடைசி வேகம் என்ன? கணத்தாக்கு (விசை × நேரம்) = உந்த மாற்றம் என்று போட்டுச் செய்தேன். ஒளியின் கதியைப்போல ஆறு மடங்கு வருகிறது. நாலு தரம் செய்து பார்த்தும் அதே விடைதான். கணத்தாக்குச் சமன்பாடே பிழையா?

பதில்: பிள்ளை, அந்தச் சமன்பாட்டில் ஒரு பிழையும் இல்லை. விசையை நேரத்தால் பெருக்கினால் உந்த மாற்றம் வரும் என்பது மாட்டு வண்டிக்கும் சரி, இலத்திரனுக்கும் சரி, எந்தக் கதியிலும் சரி. நீர் செய்த முதல் பாதி முழுக்கச் சரியாக இருக்கிறது. ஏற்றம் 1.6 × 10⁻¹⁹ கூலோம், மின்புலத்தால் பெருக்க விசை 1.6 × 10⁻¹³ நியூற்றன், அதை 10 நனோசெக்கனால் பெருக்கக் கணத்தாக்கு 1.6 × 10⁻²¹ நியூற்றன் செக்கன். ஓய்விலிருந்து தொடங்கியதால் கடைசி உந்தமும் அதுவேதான். நீர் சறுக்கியது அடுத்த வரியில், அந்த உந்தத்தை இலத்திரனின் திணிவான 9.11 × 10⁻³¹ கிலோகிராமால் வகுத்து, வந்ததை வேகம் என்று எழுதிய இடத்தில். செக்கனுக்கு 1.76 × 10⁹ மீற்றர் வந்திருக்கும், அது ஒளியின் கதியைப்போல 5.87 மடங்கு.

உந்தத்துக்கு உண்மையான கோவை இது: உந்தம் = காமா × திணிவு × வேகம். காமா எடுப்பதற்கு வேகத்தை ஒளிக்கதியால் வகுத்து, வர்க்கித்து, அதை 1 இலிருந்து கழித்து, வர்க்கமூலம் எடுத்து, கடைசியில் 1 ஐ அதனால் வகுக்க வேண்டும். சைக்கிளிலோ விமானத்திலோ போகும்போது காமா 1 இலிருந்து விலகுவது யாருடைய கண்ணுக்கும் தெரியாத அளவு. ஒளிக்கதியில் 0.6 பங்கு வேகத்தில் அது 1.25, 0.8 பங்கில் 1.67, 0.99 பங்கில் 7.09.

ஆனால் உமது கணக்கில் தெரிந்தது உந்தம், வேகம் தெரியாது, பிறகு காமாவை எப்படி எடுப்பது என்று கேட்பீர். அதற்கு ஒரு சுருக்கு வழி இருக்கிறது. உந்தத்தை (திணிவு × ஒளிக்கதி) என்பதால் வகுத்துக்கொள்ளும். உமக்கு வந்த அதே 5.87 தான் வரும். அந்த எண்ணை வர்க்கித்து, 1 ஐக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் காமா: 5.95. பிறகு 5.87 ஐ 5.95 ஆல் வகுத்தால் வேகம், ஒளிக்கதியின் பங்காக: 0.986. அவ்வளவுதான். நீர் பிழையான வேகம் என்று கண்ட 5.87 வீணாகவில்லை பாரும், சரியான விடைக்குப் போகும் வழியில்தான் அது நிற்கிறது.

இப்போது அதே இலத்திரனை அதே மின்புலத்தில் கொஞ்சம் கூடுதலாக விட்டுப் பார்ப்போம், ஏனென்றால் விசயத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. முதல் 1 நனோசெக்கனில் அது ஒளிக்கதியின் 0.51 பங்கை எட்டிவிடுகிறது (பழைய முறையில் 0.59 என்று வரும், பெரிய தூரம் இல்லை). 10 இல் 0.986. 20 இல் 0.996. 100 நனோசெக்கன் விட்டால் 0.99985. பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் கொடுத்த கணத்தாக்கு முதல் பத்தில் கொடுத்ததற்கு அச்சொட்டாகச் சமம், உந்தமும் அச்சொட்டாக இரண்டு மடங்காகிவிட்டது, வேகம் மட்டும் நூற்றில் ஒரு பங்குதான் கூடியிருக்கிறது. கணத்தாக்கு உண்டியலில் போடுகிற காசு என்றால் உந்தம் உண்டியலுக்குள் இருக்கும் தொகை. போட்டதில் ஒரு சதமும் குறையாது. வேகத்தைப் பார்த்துத் தொகையை மதிப்பிடப் போனால்தான் காசு காணாமல் போனதுபோல் இருக்கும்.

இது தாளில் மட்டும் நிற்கிற கதை இல்லை. 1964 இல் அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த வில்லியம் பேர்டொஸி, இலத்திரன்கள் 8.4 மீற்றர் தூரம் ஓட எடுக்கும் நேரத்தை அளந்த பரிசோதனையை வெளியிட்டார். ஒளிக்கே அந்தத் தூரத்துக்கு 28 நனோசெக்கன் வேண்டும். இலத்திரனின் சக்தியை 0.5 இலிருந்து 15 மெகா இலத்திரன்வோல்ற்று (துணிக்கைகளின் சக்தியை அளக்கும் அலகு) வரை கூட்டிக்கொண்டு போக, ஓடும் நேரம் அந்த 28 ஐ நெருங்கி அப்படியே நின்றுவிட்டது. "சக்தி உண்மையில் இலத்திரனுக்குப் போய்ச் சேரவில்லையோ" என்று யாரும் கேட்கலாம் அல்லவா? அதனால் ஓட்டத்தின் முடிவில் ஓர் அலுமினியத் தட்டை வைத்து, இலத்திரன்கள் மோத அது எவ்வளவு சூடேறுகிறது என்றும் அளந்தார். கொடுத்த சக்தி சூடாக வந்து சேர்ந்திருந்தது. இந்தத் தட்டு எனக்கு மிகவும் பிடித்த விசயம். எதிராளி கேட்கப்போகும் கேள்வியை முன்கூட்டியே நினைத்து அதற்கும் ஒரு அளவீடு செய்து வைப்பதைத்தான் நல்ல பரிசோதனை என்பேன்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி): தம்பி, எங்கள் காலத்துப் புத்தகங்களில் வேகம் கூடக் கூடத் திணிவு கூடும் என்றுதான் இருந்தது. நானும் அப்படித்தான் படிப்பித்தேன். நீங்கள் திணிவைத் தொடாமல் காமாவைத் தனியாக வைக்கிறீர்கள். இரண்டும் ஒன்றுதானே?

பதில்: ஐயா, உந்தத்தை மட்டும் கணக்கிடுகிறவரை இரண்டும் ஒரே விடையைத்தான் தரும், உங்களிடம் படித்த பிள்ளைகள் யாரும் அதனால் பிழையாகச் செய்திருக்க மாட்டார்கள். சிக்கல் ஆர்முடுகலில் வருகிறது. ஓடும் துணிக்கையை அது போகும் திசையிலேயே தள்ளினால் விசை = காமாவின் கனம் (காமா × காமா × காமா) × திணிவு × ஆர்முடுகல். பக்கவாட்டில் தள்ளினால் விசை = காமா × திணிவு × ஆர்முடுகல். மேலே கொக்குவில் பிள்ளையின் இலத்திரனுக்குக் காமா 5.95, அதன் கனம் ஏறத்தாழ 211. ஒரே இலத்திரன், ஒரே கணம், பின்னாலிருந்து தள்ளினால் 211 மடங்கு பாரம்போல் நடக்கிறது, பக்கத்திலிருந்து தள்ளினால் 6 மடங்கு பாரம்போல் நடக்கிறது. இதில் எதைத் திணிவு என்று பிள்ளைக்குச் சொல்லுவது? ஐன்ஸ்ரைனும் 1948 இல் எழுதிய கடிதம் ஒன்றில், இயங்கும் பொருளுக்கு வேறொரு திணிவு என்று புகுத்தாமல் ஓய்வுத் திணிவோடு நின்றுகொண்டு, உந்தத்துக்கும் சக்திக்குமான கோவைகளைச் சொல்வதே நல்லது என்று குறிப்பிட்டிருக்கிறார். உந்தத்தின் மாற்றவீதமே விசை என்று வைத்து, சார்பியலுக்கு ஏற்ற உந்தக் கோவையை 1906 இல் சரியாக எழுதியவர் மாக்ஸ் பிளாங்க்.

காமா எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்த நல்ல வழி மணிக்கூடுதான். துணிக்கை போன தூரத்தை எங்கள் மீற்றர்கோலால் அளவுங்கள். அதற்கு எடுத்த நேரத்தைத் துணிக்கையோடு கூடப்போகும் மணிக்கூட்டில் பாருங்கள். தூரத்தை அந்த நேரத்தால் வகுத்துத் திணிவால் பெருக்கினால் உந்தம். ஓடுகிற மணிக்கூடு மெதுவாகப் போவதால் அதில் நேரம் குறைவாகக் காட்டும், வகுத்தால் வருவது பெரிதாகும், அந்தப் பெருக்கந்தான் காமா. திணிவு பாவம், அது இருந்தபடியே இருக்கிறது.

மணிக்கூடு மெதுவாகும் என்பதற்குச் சாட்சி எங்கள் முற்றத்திலேயே விழுந்துகொண்டிருக்கிறது. வானத்தில் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் உயரத்தில் அண்டக்கதிர்கள் காற்றில் மோதி மியூவன் என்ற துணிக்கைகள் பிறக்கின்றன. அவற்றின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோசெக்கன். அந்த நேரத்துக்குள் ஒளி கூட 660 மீற்றர்தான் போகும். அப்படியிருந்தும் தரையில் சதுர சென்ரிமீற்றருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று வந்து சேர்கிறது, மியூவனோடு ஓடும் மணிக்கூடு மெதுவாகப் போவதால்தான். முற்றத்துக் கதிரையில் இருந்து உள்ளங்கையை வானத்துக்கு விரித்துப் பிடித்தால் ஒரு நிமிடத்தில் நூறு வரையில் கையூடாகப் போய்விடும்.

கேள்வி (மாணவன், பருத்தித்துறை): சேர், ஒரு துணிக்கை ஒளிக்கதியின் 0.6 பங்கில் வந்து சுவரில் பட்டு அதே கதியில் திரும்புகிறது. வேக மாற்றம் 1.2 பங்கு. அதற்குக் காமா எடுத்தால் வர்க்கமூலத்துக்குள் மறை எண் வருகிறது. என்ன செய்வது?

பதில்: தம்பி, அந்த மறை எண் உமக்கு நல்லதுதான் செய்திருக்கிறது, பிழையான பாதை என்று கையைப் பிடித்துக் காட்டியிருக்கிறது. காமா ஒரு வேகத்துக்கு உரியது. வேக மாற்றத்துக்குக் காமா என்று ஒன்று கிடையாது. முதலில் போகும் உந்தத்தை அதன் காமாவோடு எடும், பிறகு திரும்பும் உந்தத்தை அதன் காமாவோடு எடும், கடைசியில் கழியும். 0.6 பங்கில் காமா 1.25, ஆகவே உந்தம் 0.75 × திணிவு × ஒளிக்கதி. திரும்பும்போது அதே அளவு, எதிர்த்திசை. கணத்தாக்கு 1.5 × திணிவு × ஒளிக்கதி. வர்க்கமூலம் பேசாமல் இருக்கும்.

திரும்பாத கணக்கிலும் இதே கிடங்கு இருக்கிறது, அங்கே மறை எண் வந்து காப்பாற்றாது என்பதால் இன்னும் கவனம் வேண்டும். 0.6 இலிருந்து 0.8 பங்குக்கு ஏற்றுவதற்கு எவ்வளவு கணத்தாக்கு? வித்தியாசம் 0.2 என்று எடுத்து அதற்குக் காமா போட்டால் (திணிவு × ஒளிக்கதி என்ற அலகில்) 0.204 வரும், பார்க்க அழகாகவும் இருக்கும், ஆனால் முழுப்பிழை. சரியாகச் செய்தால் 0.8 பங்கில் உந்தம் 1.333, அதிலிருந்து 0.75 போக 0.583. ஏறத்தாழ மூன்று மடங்கு வித்தியாசம்.

இன்னொன்று, கைத்தொலைபேசிக் கணிப்பானில் செய்கிறவர்களுக்கு. வேகம் 0.99999999 போல வரும்போது வர்க்கித்து 1 இலிருந்து கழித்தால் சில கணிப்பான்களில் இலக்கங்கள் கரைந்துவிடும். ஒளிக்கதிக்கு எவ்வளவு குறை என்பதை மட்டும் எடுத்து, இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 1 ஐ அதனால் வகுத்தால் போதும். 0.99 க்கே இது 7.07 தருகிறது, உண்மை 7.09. ஒளிக்கு இன்னும் கிட்டப் போகப் போக இன்னும் துல்லியம்.

கேள்வி (ரீவி திருத்துபவர், மானிப்பாய்): இந்தக் கணக்கு பெரிய ஆய்வுகூடங்களுக்கு மட்டுமா, எங்கள் கையில் பட்ட ஏதாவது ஒன்றில் இருக்கிறதா?

பதில்: அண்ணை, உங்கள் கையிலேயே எத்தனையோ வருசம் இருந்தது. பழைய கலர் ரீவியின் பிக்சர் ரியூபில் இலத்திரனை இழுக்க ஏறத்தாழ 25,000 வோல்ற்று கொடுப்பார்கள், பின்பக்கம் திறந்து வேலை செய்யும்போது நீங்கள் முதலில் இறக்குகிற அந்த வோல்ற்றேஜ்தான். அங்கே நேரம் தெரியாது, சக்தி தெரியும், ஆகவே வழி கொஞ்சம் வேறு: இயக்கசக்தியின் வர்க்கத்தோடு, இயக்கசக்தி × ஓய்வுச்சக்தி (திணிவு × ஒளிக்கதியின் வர்க்கம்) × 2 என்பதைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், உந்தம் × ஒளிக்கதி. இலத்திரனின் ஓய்வுச்சக்தி 511 கிலோ இலத்திரன்வோல்ற்று, இயக்கசக்தி 25. செய்து பார்த்தால் 161.8 வரும். பழைய முறையில் 159.8. உந்தத்தில் வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றைக் கொஞ்சம் தாண்டும். வேகத்தில்தான் கூட: சரியான விடை ஒளிக்கதியில் 0.302 பங்கு, பழைய முறை 0.313 என்கிறது. ஒளியின் மூன்றிலொரு பங்கு கதிக்குக் கிட்ட, வீட்டு மேசையில், பாட்டுப் போட்டி பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம்! அந்தக் குழாயின் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புச் சுருள் கொடுப்பதும் கணத்தாக்குத்தான், அதன் காந்தப்புலம் பக்கவாட்டில் தள்ளித் திசையை மட்டும் மாற்றுகிறது, உந்தத்தின் அளவைத் தொடுவதில்லை.

கேள்வி (கிரிக்கெட் ரசிகர், வட்டுக்கோட்டை): ஜெனிவாவுக்குப் பக்கத்தில் செர்ன் ஆய்வுகூடத்தில் புரோத்தன்களைச் சுற்றவிடுகிறார்களே, அந்தக் கற்றை முழுவதும் ஒரு இடத்தில் போய் அடித்தால் எவ்வளவு அடி விழும்?

பதில்: அப்படி அடிக்கவே ஒரு இடம் கட்டி வைத்திருக்கிறார்கள். புரோத்தன்கள் சுற்றும் பொறியான பெரிய ஹாட்ரன் மோதுவியின் வேலை முடிந்ததும் கற்றையைத் திருப்பி, நீளமான ஒரு காரீயகப் (பென்சிலுக்குள் இருக்கும் கிரபைற்று) பாளத்துக்குள் விட்டு நிறுத்துவார்கள். வடிவமைப்பு அளவுகளை எடுத்துக் கணக்கைச் செய்வோம். ஒரு கற்றையில் 2808 கொத்துகள், கொத்துக்கு 1.15 × 10¹¹ புரோத்தன்கள், ஒவ்வொன்றுக்கும் 7 தெரா இலத்திரன்வோல்ற்று சக்தி. மொத்தச் சக்தி 362 மெகா யூல். இது 400 தொன் ரயில் மணிக்கு 150 கிலோமீற்றர் வேகத்தில் போவதைவிடக் கொஞ்சம் கூட.

உந்தம்? இவ்வளவு வேகத்தில் சக்தியை ஒளிக்கதியால் வகுத்தாலே உந்தம் கிடைத்துவிடும், ஓய்வுத் திணிவு கணக்கில் தெரியவே தெரியாது. 362 மெகா யூலை வகுத்தால் 1.2 கிலோகிராம் மீற்றர் / செக்கன். நான் இதை முதலில் செய்தபோது பத்தின் அடுக்கில் எங்கேயோ விட்டுவிட்டேன் என்று திரும்பவும் செய்தேன். விடை அதுதான். 160 கிராம் கிரிக்கெட் பந்தை மணிக்கு 27 கிலோமீற்றரில் எறிந்தால் இருக்கும் உந்தம்! பரி. யோவானும் மத்திய கல்லூரியும் மோதும் வடக்கின் போரில், எல்லைக்கோட்டில் நிற்கிற பெடியன் பந்தை விக்கெட் காப்பாளருக்கு மெதுவாகத் தட்டிப் போடுவானே, அவ்வளவுதான்.

ஆனால் நீங்கள் கேட்டது அடி, அடிக்கு உந்தத்தோடு நேரமும் வேண்டும். பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுப்பது எதற்கு? நிறுத்தும் நேரத்தை நீட்ட. பத்தில் ஒரு செக்கனில் நின்றால் அந்த 1.2 க்கு 12 நியூற்றன் விசை போதும். கற்றை அப்படி வருவதில்லை. 26,659 மீற்றர் சுற்று, புரோத்தன் ஒரு சுற்றுப் போக 89 மைக்ரோசெக்கன், கற்றை முழுவதும் அந்த ஒரே சுற்றுக்குள் பாளத்துக்குள் இறங்கிவிடும். 1.2 ஐ 89 மைக்ரோசெக்கனால் வகுத்தால் சராசரி விசை ஏறத்தாழ 13,600 நியூற்றன். 1,400 கிலோ பாரத்தைத் தூக்கி அந்தச் சின்ன நேரத்துக்கு மட்டும் வைத்து எடுத்ததுபோல. பாளத்துக்கு உண்மையான சோதனை அந்த விசையிலும் பார்க்கச் சக்தி தருகிற வெப்பம், அதனால்தான் கற்றையை ஒரே புள்ளியில் விழவிடாமல் பாளத்தின் முகத்தில் கோடு கீறுவதுபோல் அலைத்து விடுகிறார்கள்.

இதையே பழைய முறையில், திணிவு × வேகம் என்று எடுத்திருந்தால் உந்தம் 0.00016 தான் வந்திருக்கும். ஏழாயிரத்து நானூறு மடங்குக்கு மேல் குறைவு. உந்தம் அவ்வளவு சின்னதாக இருந்தால் புரோத்தன்களை வளைக்க ஒரு சின்னக் காந்தம் போதும். அங்கே 1232 பெரிய காந்தங்களை, மீக்கடத்திகள் (மின்தடையே இல்லாமல் மின்னைக் கடத்துபவை) வேலை செய்வதற்காக உறைகுளிரில் வைத்து, 8.33 டெஸ்லா காந்தப்புலத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறார்கள். காந்தப்புலத்தை வளைவின் ஆரையால் பெருக்கி 0.3 ஆல் பெருக்கினால் உந்தம் கிகா இலத்திரன்வோல்ற்று அளவில் வந்துவிடும்: 8.33 × 2804 × 0.3, விடை 7000. தெரா கணக்கில் 7.

கேள்வி (வாசகி, காரைநகர்): ஒளிக்குத் திணிவு இல்லையே. திணிவு பூச்சியம் என்றால் உந்தமும் பூச்சியம்தானே?

பதில்: திணிவு பூச்சியம், காமா முடிவிலி, இரண்டையும் பெருக்கப் போனால் ஒரு இடத்துக்கும் போய்ச்சேர மாட்டோம். ஒளிக்கு அந்தக் கோவையை விட்டுவிட்டு, மேலே புரோத்தனுக்குச் செய்ததுபோல் சக்தியை ஒளிக்கதியால் வகுங்கள். புரோத்தனுக்கு அது கிட்டத்தட்டச் சரி, ஒளிக்கு அது முற்றாகச் சரி.

கூரையில் சூரியத் தகடு போட்டிருக்கிறீர்களா? 10 சதுர மீற்றர் என்று வைப்போம். உச்சி வெயிலில் சதுர மீற்றருக்கு 1000 வாற்று, மொத்தம் 10,000 வாற்று, ஒளிக்கதியால் வகுத்தால் 0.000033 நியூற்றன். மூன்று மில்லிகிராமைக் கொஞ்சம் தாண்டும் பாரம், ஒரு அரிசி மணியைவிடவும் குறைவு. அந்த வெயில் முழுப் பலத்தில் பத்து மணித்தியாலம் விழுந்தால், அதாவது இங்கத்தைய ஏறத்தாழ இரண்டு நாள் வெயிலுக்கு, உங்கள் தகடு வாங்கியிருக்கும் கணத்தாக்கு 1.2. செர்ன் பாளம் 89 மைக்ரோசெக்கனில் வாங்கியதும் அதே 1.2 தான்.